நாச்சியைச் சரஸ்வதி ஆக்கியவன்

1

சென்ற மாசி மாதம் ஒரு புதன்கிழமை, பாரிசின் லா சப்பலில் ஒரு பெண் என்னைச் "சிவநேசன் சேர்" என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மனைவிகூட "இஞ்சருங்கோ" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இந்தத் தெருவுக்கு நான் தாஸ் அண்ணை. காகிதங்களில் மரியதாஸ்.

மரியதாஸ் யாரென்று எனக்குத் தெரியாது. கொழும்பில் ஏஜென்ட் என் படத்தை ஒட்டித் தந்த கடவுச்சீட்டு அவருடையது. பாரிசில் இறங்கியதும் சொன்ன பெயரை மாற்றினால் அகதிக் கோரிக்கையே கவிழ்ந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றவில்லை. பிறகு பத்து வருட வதிவிட அட்டை அந்தப் பெயரில் வந்தது, குடியுரிமை அந்தப் பெயரில் வந்தது, மகள் கயல் பிறந்தபோது அவளும் கயல் மரியதாஸ் ஆனாள். நெற்றி நிறைய விபூதி பூசிய என் அப்பாவின் பேத்திக்கு இப்படியொரு பெயர். ஆரம்பத்தில் சிரித்திருக்கிறேன். இருபது வருடம் உணவகக் குசினியில் நின்று முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது, பெயரைப் பற்றி நினைப்பதையும் விட்டிருந்தேன்.

இப்போது ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு ரெலிபோன் கடையின் பின்பக்கத்தில், புதனும் சனியும் மேசை போட்டு உட்கார்ந்து சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணும் படிவம் நிரப்பத்தான் வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. பக்கத்து உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவள். பத்திரங்கள் இருந்த கோப்பு ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மூண்டு தரம் வந்து வாசல்ல நிண்டு பாத்திட்டுப் போனனான். நீங்க சிவநேசன் சேர்தானே?"

நான் கோப்பைத் திறக்காமலே சொன்னேன். "ஆள் மாறிக் கூப்பிடுறியள், தங்கச்சி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை.

"ஓம் சேர்," என்றாள். "மாறித்தான் கூப்பிட்டுட்டன்."

2

கோப்பில் இருந்தது இதுதான். அவள் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவள். பெயர் சரஸ்வதி. ஊர், வாகரைக்கு வடக்கே ஒரு சின்னக் கிராமம். அவளுடைய ஒரே மகள் ஊரில் சித்தியோடு இருக்கிறாள். புருசன் அந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வாகரைச் சண்டையில் காணாமல் போனவன். மகளை இங்கே எடுக்க விண்ணப்பித்திருந்தாள். மறுத்துவிட்டார்கள். காரணம், மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாயின் பெயர் நாச்சி. பாரிசில் இருக்கும் அகதியின் பெயர் சரஸ்வதி. இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் இல்லை.

இடம்பெயர்ந்து ஓடிய நாளில், அடையாள அட்டையும் கையில் இல்லாமல் பிள்ளை பெற்றவள் அவள். ஆசுபத்திரியில் தாயின் பெயரைக் கேட்டபோது கூடப்போன அவளுடைய அம்மா, தான் வைத்த பெயரைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு வேறு பெயர் தெரியாது. சரஸ்வதி என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இருந்த பெயர். இடாப்பு என்ற பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்துதான் பிறகு வயதுச் சான்றிதழும், அதிலிருந்து அடையாள அட்டையும், அதிலிருந்து கடவுச்சீட்டும் வந்திருந்தன.

"பள்ளிக்கூட இடாப்பு இருந்தா காட்டலாமாம்," என்றாள். "அதைச் சுனாமியில கடல் கொண்டுபோயிற்று. அதை எழுதின ஆள் இருந்தா எழுதித் தரட்டாம் எண்டு சட்டத்தரணி சொன்னவ. பிள்ளைக்கு ஆவணியில பத்தொன்பது. அதுக்குப் பிறகு எடுக்க ஏலாது."

நான் படிவத்தை நிரப்பினேன். சரஸ்வதி என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அவள் நன்றி சொல்லாமல், பத்திரங்களின் பிரதிகளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

3

ஊரில் இதை வாசிப்பவர்கள் சிலருக்கு வாகரைப் பக்கத்து அந்தக் கிராமங்கள் தெரிந்திருக்கும். கரையோர வேடர் என்று அவர்களைச் சொல்வார்கள். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தவர்கள். தமிழ்தான் பேசினார்கள், ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் கேட்டிராத தமிழ். காட்டுக்குள் போனால் சில பொருள்களுக்கு வேறு சொற்கள் வைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசிரியராக முதல் நியமனம், அதிகஷ்டப் பிரதேசம். அந்தப் பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் காலத்தில் மிஷன்காரர் கட்டியது. பிறகு அரசாங்கம் எடுத்தது. காட்டையும் வெள்ளைக்காரன்தான் முடிக்குரியது என்று எழுதி வைத்தான். அவன் போன பிறகும் அந்த எழுத்து அழியவில்லை. அதனால் தேன் எடுக்கப் போன அப்பாமார் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். நாச்சியின் அப்பாவும் அப்படி இரண்டு கிழமை மறியலில், சிறைக்குள் இருந்தவர். அவர் மறியலில் இருந்த நாள்களில்தான் அவளுடைய அம்மா அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பிடப் பணிஸ் கொடுப்பார்கள்.

அன்று பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். சேர்வு இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பெயர், தகப்பன் பெயர், இனம், சமயம். கோடுகள் எல்லாம் ஆங்கிலேயர் காலத்தில் போட்ட அதே கோடுகள். தாய்மார் சொன்ன பெயர்கள் எனக்குப் பெயர்களாகவே படவில்லை. இந்தப் பெயர்களோடு இவர்கள் எங்கே போய் முன்னேறப்போகிறார்கள் என்று நினைத்தேன். சரஸ்வதி, கலாநிதி, இளங்கோ, தேன்மொழி என்று ஒவ்வொருவருக்கும் என்னுடைய பெயரை எழுதினேன். பெயர் வைக்கும்போது சந்தோசமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். இனம் என்ற இடத்தில் எல்லோருக்கும் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதினேன். வேடர் என்று எழுதினால் வட்டாரக் கல்வி அதிகாரி சிரிப்பார் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். சமயத்துக்குச் சைவம்.

நாச்சி என்று யாராவது கூப்பிட்டுத் திரும்பினால் அவளுக்கு அடி விழும். தங்கள் சொற்களை வகுப்பில் சொன்னாலும் விழும். பூவரசம் கம்பு. நான் கொடூரமானவன் இல்லை. இரண்டு அடிதான் அடிப்பேன். நல்ல தமிழ் பேசவைக்கிறேன் என்று நம்பினேன். மூன்று வருடத்தில் எனக்கு மாற்றம் கிடைத்தது, பிறகு நாட்டை விட்டே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளை நான் நினைத்ததேயில்லை.

4

நாச்சி விட்டுப்போன பிரதிகளைப் பாரிசுக்கு வெளியே செவ்ரானில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவியிடம் சொன்னேன். சட்டத்தரணி கேட்கும் சாட்சிக் கடிதத்துக்கு இங்கே அத்தெஸ்தாசியோன் என்று ஒரு படிவம் இருக்கிறது. எழுதுகிறவரின் அடையாள அட்டைப் பிரதியைச் சேர்க்காவிட்டால் அது செல்லாது. மரியதாசின் அட்டையோடு சிவநேசன் சாட்சி சொல்ல முடியாது. எழுதுவதென்றால், மரியதாஸ் என்று அறியப்பட்ட நான் உண்மையில் சிவநேசன் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. படிவம் நிரப்புகிறவனான எனக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

மனைவி பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பிள்ளை பாவம்தான்," என்றாள். "ஆனா எங்கடை பிள்ளை சோதினை எழுதுற வருசம். அவளின்ரை பேரையும் சேர்த்துக் கிண்டப் போறியளோ?"

கயலுக்கு இருபத்தைந்து வயது. சட்டம் படித்துவிட்டு அரச வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். ஓய்வு நேரத்தில் ஒரு சின்னச் சங்கத்தில் வேலை செய்கிறாள். தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானா என்று பிரான்சின் நிலம் ஒன்று இருக்கிறது. அங்கே காலகாலமாக இருந்த பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக் கன்னியாஸ்திரிகளின் விடுதிகளில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது கிழவர்களாகி, நடந்ததை அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். கயலின் சங்கம் அவர்களுக்கு உதவுகிறது. ஒருமுறை அவள் என்னிடம், எங்கள் நாட்டிலும் அப்படிப்பட்ட சனங்கள் இருந்தார்களா என்று கேட்டாள். சிங்களவர் பக்கத்தில் யாரோ இருப்பதாகச் சொல்லிவைத்தேன்.

நாச்சி வந்து மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, கயல் என்னைத் தங்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். கதிரை அடுக்க ஆள் தேவைப்பட்டது. பதினெட்டாம் வட்டாரத்தில் ஒரு மண்டபம். கயானாவின் கலினா இனத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி பேசினார். தன்னைத் தோணியில் கொண்டுவந்து இறக்கிய அன்று ஒரு கன்னியாஸ்திரி பெரிய கொப்பியொன்றைத் திறந்து, அம்மா வைத்த பெயரைக் கேட்டுவிட்டு, வேறொன்றை எழுதினாராம். அந்தக் கன்னியாஸ்திரி கோபமாக இருக்கவில்லை, புன்னகைதான் செய்தார் என்றார். விடுமுறைக்கு ஊர் போனபோது அம்மாவோடு பேச மொழி வரவில்லை என்றார். யாரோ எழுந்து, இப்போது என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நட்டஈட்டைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.

"எழுதியவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால்," என்று அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார், "வந்து, நான்தான் எழுதினேன் என்று சொல்லட்டும். மிச்சத்தைப் பிறகு பேசலாம்."

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

5

திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது. கார் து நோர் தாண்டியதும் கயலிடம் சொல்லத் தொடங்கினேன். தமிழில் தொடங்கி, அவளுக்கு விளங்காத இடங்களில் என் குசினிப் பிரெஞ்சைக் கலந்து சொன்னேன். இடாப்பு, பூவரசம் கம்பு, நாச்சி, மரியதாஸ். அவளுடைய பெயர் ஒரு தெரியாத மனிதருடையது என்பதையும் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

சொல்லி முடித்ததும் அவள் பெயரைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு. அதைத் தமிழில் கேட்டாள்.

"எத்தினை பிள்ளையள், அப்பா?"

"பத்தொன்பது."

"அவையின்ரை முதல் பேர் ஞாபகம் இருக்கோ?"

யோசித்துப் பார்த்தேன். சரஸ்வதி, கலாநிதி, இளங்கோ, தேன்மொழி, நான் வைத்த பெயர்களில் பன்னிரண்டு பதின்மூன்றைச் சொல்ல முடிந்தது. தாய்மார் சொன்ன பெயர்களில் நாச்சியைத் தவிர ஒன்றுகூட வரவில்லை. அதுவும் அந்தப் பத்திரத்தில் பார்த்ததால் தெரிந்த பெயர். கயல் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். செவ்ரானில் இறங்கி எனக்கு முன்னால் நடந்தாள்.

நாலு நாள் இப்படியே போனது. சாப்பாட்டுக்கு வருவாள், தட்டைக் கழுவிவிட்டு அறைக்குள் போவாள். ஐந்தாம் நாள் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள். சட்டங்களைப் பார்த்துக் குறித்திருந்தாள். அவள் இங்கே பிறந்தவள், அவளுக்குக் குடியுரிமைச் சிக்கல் வராது. பெயர் விசயமாக விசாரிக்கலாம், தேர்வு தள்ளிப்போகலாம். அம்மாவுக்குச் சில கேள்விகள் வரும். எனக்கு எதுவும் நடக்கலாம், ஒன்றும் நடக்காமலும் போகலாம். இவ்வளவையும் பிரெஞ்சில், ஒரு கட்சிக்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எழுதுங்கள் என்று சொல்லவில்லை. எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மனைவி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. அதை நாலாய் மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள். இரண்டு பேரும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய தீர்ப்பு எதுவாக இருந்தாலும் தாங்கியிருப்பேன். என்னிடமே விட்டதுதான் பொறுக்கவில்லை.

6

அடுத்த புதன்கிழமை நாச்சி வந்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. முதலில் நான் எழுந்து நின்றேன்.

"நான்தான் சிவநேசன்," என்றேன். "உம்மடை பேரை மாத்தி எழுதினது நான்தான்."

"அது தெரியும் சேர்," என்றாள். "எழுதித் தருவீங்களா எண்டதுதான் தெரியாது."

படிவத்தை எடுத்தேன். அதன் நடுவில், பொய்ச் சாட்சி எழுதினால் சிறைத் தண்டனை என்று ஒரு வரி இருக்கிறது. நூறு பேருக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இந்த முறை என்னுடைய பெயர் வர வேண்டிய இடத்தில் பேனை நின்றுவிட்டது. பிறகு எழுதினேன். மரியதாஸ் என்று அறியப்பட்ட, சிவநேசன் ஆகிய நான்.

எந்தக் காரணத்தால் பெயர் மாற்றப்பட்டது என்று எழுத வேண்டிய இடம் வந்தது. அவர்கள் வேடர் குலம் என்பதால் என்று எழுதட்டுமா எனக் கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்து, தன் அகதி விசாரணையில் நடந்ததைச் சொன்னாள். தாங்கள் வேடர் என்று சொன்னாளாம். மொழிபெயர்த்தவர் அதை 'வேட்டைக்காரர்' என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். உடனே அதிகாரி, என்ன துப்பாக்கி வைத்திருந்தீர்கள், யாரிடம் பழகினீர்கள் என்று ஒரு மணித்தியாலம் கேட்டாராம். துப்பாக்கியையே தொடாதவள் நடுங்கிப்போய், இல்லை, நாங்கள் தமிழர்தான் என்று சொல்லித் தப்பியிருக்கிறாள்.

"இஞ்ச என்னோட அறையில இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லல்ல," என்றாள். "தெரிஞ்சா பிறகு தேத்தண்ணிக் கோப்பையும் வேறயாத்தான் வைப்பாங்க."

அப்படி வைக்கிற ஆட்கள் எங்கள் ஆட்கள். 'ஆசிரியராகிய நான் அந்தப் பெயரைப் பொருத்தமற்றதாகக் கருதியதால்' என்று எழுதினேன். அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "சரி," என்றாள்.

கையெழுத்துப் போட்ட பிறகு, மற்றப் பிள்ளைகளின் பழைய பெயர்கள் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் என்னைப் பார்த்துவிட்டு, வகுப்பு வாங்குகளில் உட்கார்ந்திருந்த வரிசைப்படி சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், இப்போது எங்கே என்பதையும் சொன்னாள். சண்டையில் போனவர்கள், கடல் கொண்டுபோனவர்கள், கட்டாரில் வேலை செய்கிறவன் ஒருவன், புத்தி தடுமாறிப் போனவள் ஒருத்தி. நான் ஒரு தாள் எடுத்து எழுதினேன். பதினேழு பெயர் வந்தது. பதினெட்டாவதில் அவள் நின்றாள்.

"அவனுக்கு நீங்க வைச்ச பேர்தான் வருது," என்றாள். "மற்றது வருகுதில்ல."

அந்த வரியை வெறுமையாக விட்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருடம் பேசாத சொல்லைப் பேசுவதுபோல நாக்கு இடறியது. அவள் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டே, "மகள் வரட்டும் சேர்," என்றாள். "பிறகு பாப்பம்."

7

ஆனி மாதம் நாச்சியின் மகளுக்கு விசா கிடைத்தது. ஆடியில் எனக்குக் கடிதம் வந்தது. என் அடையாளம் குறித்து விளக்கம் தேவை, சிவநேசன் என்பதற்கான ஆதாரங்களோடு நேரில் வரவும் என்று இரண்டு வரி. அப்பா அம்மா இல்லை. நான் பிறந்தது பதிவான கச்சேரி அலுவலகம் குண்டு விழுந்து எரிந்தது. மரியதாஸ் என்பதற்கு ஒரு அலுமாரி நிறையக் காகிதம் இருக்கிறது. சிவநேசனுக்கு ஒன்றுமில்லை. மனைவி அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். கயல் ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறாள். தேர்வுக்கு இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, எந்தப் பெயரைக் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

சனிக்கிழமை நாச்சியின் மகள் வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்கு வழி தெரியாது, கூட வாருங்கள் என்று நாச்சி கேட்டிருந்தாள். நான் தூரத்தில் நின்றேன். பிள்ளை வெளியே வந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழவில்லை. நாச்சி மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள், கண் தெரியாதவள்போல. பிறகு என்னைக் காட்டி, "இவர்தான் எனக்குச் சரஸ்வதி எண்டு பேர் வைச்ச சேர்," என்றாள். பிள்ளை தலையை ஆட்டினாள். அவளுடைய பையைத் தூக்கக் கை நீட்டினேன். "வேணாம்," என்று சொல்லி, தானே தூக்கிக்கொண்டாள்.

ரயிலில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தங்களுக்குள் மெதுவாகக் கதைத்தார்கள். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. ஒரு காலத்தில் நான் கம்பெடுத்த பேச்சு அது. பிள்ளை அதை ஒளிக்காமல் பேசினாள், பெட்டியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்ரான் வருகிறதென்று எழுந்தேன். அவர்கள் லா சப்பல் வரை போக வேண்டும்.

"உங்களுக்கு எண்டைக்கு வரச் சொன்னவங்க?" என்று நாச்சி கேட்டாள். கடிதம் வந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"நானும் வாறன். நீங்க சிவநேசன் எண்டு சொல்ல இந்த ஊரில என்னை விட்டா ஆர் இரிக்கா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதீங்க சேர். எனக்கு அடிச்ச ஆள் நீங்கதான் எண்டு நான் அங்க சொல்லுவன். அதையும் எழுதட்டும்."

கதவு திறந்தது. சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.